அபிஷேகப் பால் குடித்த அன்று எடுத்த ஸ்கேன்

என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளானது எண்பதுகளின் கடைசியில். அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கும் தெருவில் குடியிருந்தோம். அந்தப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே முருகனுக்கும் ஒரு சந்நிதி உண்டு. என் வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிப்பேன், ஸ்தோத்திரப் புத்தகம் படிப்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு எட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த தப்பு இங்கிலீஷ் தெரியாததால் நடந்தது இல்லை. டாக்டர் தமிழில்தான் சொன்னார், எனக்கும் நன்றாகத்தான் கேட்டது.

அந்த வருஷம் வைகாசி மாதம் முழுக்க, சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாயு என்று நினைத்து ஓமம் வறுத்துக் கொடுத்தேன். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு நாள் காலையில் பல் விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணின் வெள்ளை, எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது.

ஸ்டேஷன் பக்கம் எங்களுக்கு எப்போதும் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எல்லா மஞ்சளும் ஒண்ணு இல்லம்மா," என்றார் என்னைப் பார்த்து. "ஈரலே சீக்காயிட்டு வர்றது ஒண்ணு. ஈரல்லேருந்து பித்தம் இறங்குற குழாய் அடைச்சிக்கிட்டு வர்றது ஒண்ணு. மேலாகப் பார்த்தா ரெண்டும் ஒரே மஞ்சள். உள்ளே பாத்தாத்தான் தெரியும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் வயித்துல போகணும்."

"அடைப்பா இருந்தா இன்னா சார் ஆவும்?" என்றார் இவர்.

"அடைச்ச இடத்துல சீழ் வெச்சா ரத்தத்துல கலந்துடும். அதுக்கு முன்னால கண்டுபிடிக்கணும்."

வெளியே வந்ததும் இவர் சிரித்தார். "ஸ்கேன் கர்ப்பிணிங்களுக்கு எடுக்கிறதாச்சே. எனக்கு எத்தினி மாசம்னு கேளு அவரை." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீழ், ரத்தம் என்று அவர் சொன்னதே காதில் நின்றது.

நாங்கள் ஸ்கேனுக்குப் போன நாள் கிருத்திகை. இவர் மாதா மாதம் கிருத்திகைக்கு முருகனுக்குப் பாலாபிஷேகத்துக்குக் கொடுப்பது வழக்கம். அன்று காலையில் இட்லிப் பானையைக்கூட நான் அடுப்பில் ஏற்றவில்லை. காபி போடவில்லை. அவர் கேட்டுவிடுவாரோ என்று டிக்காஷன் வாசனையே வீட்டில் வராமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். இருந்துவிட்டு, ஆறரை மணிக்குக் கோயிலுக்குப் போய், அபிஷேகம் ஆன பாலை ஒரு டம்ளர் நிறைய வாங்கி என் கையாலேயே அவர் வாயில் ஊற்றினேன். குருக்கள் தொன்னையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலையும் ஊட்டினேன். நெய் என் விரலிலெல்லாம் வழிந்தது. "முருகா, உள்ளே இருக்கிறது எதுவானாலும் நீ காட்டிக் கொடு" என்று வேண்டிக்கொண்டுதான் ஊட்டினேன்.

எனக்கோ அவருக்கோ அது சாப்பாடு என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் விரதம் இருக்கிற நாளில்கூட பிரசாதம் எடுத்துக்கொள்வோம். பிரசாதத்தால் விரதம் கெடாது. நான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வரிசையாக வயிற்றுப் பிள்ளைக்காரிகள். நடுவில் இவர் ஒருவர்தான் ஆம்பளை. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்கா அக்கா?" என்றாள். "இல்லம்மா, அவருக்கு" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவரும் விடவில்லை. "ஒம்பதாம் மாசம்மா" என்று வயிற்றைத் தடவிக் காட்டினார்.

ஸ்கேன் பார்த்தது ஒரு லேடி டாக்டர். இருட்டு அறை. வயிற்றில் குளுகுளுவென்று ஏதோ களிம்பைத் தடவி, சோப்புக் கட்டி அளவு கருவி ஒன்றை விலாவுக்குக் கீழே வைத்து அமுக்கினார். "மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சிக்குங்க. விடுங்க." சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டியில் மழை பெய்கிற மாதிரி சாம்பல் நிறம் ஓடியது. அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். மறுபடி மறுபடி அமுக்கினார்.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமாம்மா, பச்சத் தண்ணி பல்லுல படல," என்றார் இவர். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

ஈரலில் கோளாறாக எதுவும் தெரியவில்லை, பித்தப்பை சுருங்கி இருப்பதால் உள்ளே சரியாகப் பார்க்க முடியவில்லை, பித்தக் குழாயைக் குடல் காற்று மறைக்கிறது, கல் எதுவும் கண்ணில் படவில்லை, டாக்டரிடம் காட்டி வேண்டுமானால் இன்னொரு முறை எடுங்கள் என்று அந்த அம்மா நிதானமாகத்தான் சொன்னார். இவ்வளவில் எங்கள் காதில் ஏறியது ஒன்றுதான். கல் இல்லை.

பக்கத்துத் தெருவில் இவருடைய அக்கா இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி மேல் உயிர். தம்பிக்கு நான் பத்தாது என்று எப்போதும் ஒரு நினைப்பு. ஸ்கேன் விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொல்லல? சாதா காமாலைதான். இதுக்குப் போயி டாக்டரு, மிஷினு. ஏழு நாள் கீழாநெல்லி குடிச்சா எறங்கிட்டுப் போவுது. எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு இதே மாதிரி மஞ்சளா வந்துச்சு, இப்ப ஜம்முனு கீறா."

கீழாநெல்லியை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கே சின்ன வயதில் காமாலை வந்து, மோரில் அரைத்துக் குடித்துத்தான் தெளிந்தேன். அதனால் நானும் சரி என்றேன். டாக்டரிடம் ஸ்கேன் சீட்டைக் காட்டவே போகவில்லை. படப்பைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் பஸ் ஏறிப் போனோம். உப்பில்லாப் பத்தியம். ஏழு நாள் ஆனது. மஞ்சள் இறங்கவில்லை. வைத்தியர் இன்னும் ஏழு நாள் என்றார். பதினோராம் நாள் மத்தியானம் இவருக்குக் குளிர் வந்தது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற நடுக்கம். தொட்டால் கொதிக்கிறது.

ஆட்டோவில் ஏற்றிப் பழைய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஊசி போட்டார். சலைன் ஏற்றினார். அதன்பிறகு ஸ்கேன் சீட்டைக் கேட்டார். வாங்கி ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்.

"பித்தப்பை சுருங்கியிருக்குன்னு போட்டிருக்காங்களே. அன்னிக்கு வெறும் வயிறுதானே?"

படுத்தபடியே இவர், "ஆமா சார். ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

"காபி?"

"இல்ல சார்."

"பால்?"

அவர் "இல்ல" என்றார். எனக்கு என் விரலில் வழிந்த நெய் ஞாபகம் வந்துவிட்டது.

"சார்," என்றேன், "கோயில் பால் குடிச்சாரு."

"இன்னா பேசுற?" என்று இவர் தலையைத் தூக்கினார். "அது அபிஷேகப் பாலு சார். பிரசாதம். சாப்பாடு கணக்குல வராது."

"எவ்வளவும்மா?"

"ஒரு டம்ளர் சார். நெய்ப் பொங்கலும் ஒரு தொன்னை. நான்தான் ஊட்டினேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "பித்தப்பைக்குப் பிரசாதம் தெரியாதும்மா," என்றார். "வயித்துல பால், நெய் இறங்கினா அது சுருங்கி உள்ளே இருக்கிற பித்தத்தை வெளியே தள்ளிடும். அதுக்கு அதான் வேலை. பித்தம் நிரம்பி உப்பி இருந்தாத்தான் ஸ்கேன்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க முடியும். சுருங்கின பைக்குள்ள எதைப் பார்க்கிறது?"

சலைன் முடிந்ததும் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, நான் பூஜை அறையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. முருகன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. உள்ளே ஒரு பையை வைத்து, பாலைக் கண்டால் சுருங்கு என்று அதற்கு வேலை கொடுத்ததும் அவன்தான். அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. சொன்னதைக் கேட்காதது நான். பதினோரு நாள் போய்விட்டது. இனிமேல் ஒரு நாளும் என்னால் போகக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு பண்ணினேன்.

ஊசியில் ஜுரம் மட்டுப்பட்ட மூன்றாம் நாள் டாக்டர் மறுபடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணி வந்தார்.

"ஒருவாட்டி பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னாச்சு. திரும்ப எதுக்கு அந்த மிஷின்ல போட்டுப் பேஜார் பண்றே?"

"அன்னிக்குத் தெரியாம போனதுக்குக் காரணம் நான்தான் அண்ணி," என்று சொல்லி, பால் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

அண்ணி என்னையே பார்த்தார். "சாமி பால் குடுத்தது தப்புன்றியா?"

"சாமி பால் தப்பில்ல. குடுத்த நேரம் தப்பு. இன்னிக்கு எட்டு மணிக்கு மேல நீங்க இந்த வூட்டுக்குள்ள ஒரு கல்கண்டுகூட எடுத்துட்டு வரக் கூடாது."

இவரைப் பார்த்து, "உம் பொண்டாட்டி போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு அண்ணி போனார். நான் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் சாப்பிடாதபோது நான் மட்டும் என்ன சாப்பிடுவது என்று நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

காலையில் தெருவில் நடந்து போகிறோம். கோயில் வாசலில் குருக்கள், "வாங்கோ, உடம்பு எப்படி இருக்கு?" என்று பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி வருகிறார். இவருடைய கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடித்து இழுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"சாமி, ஸ்கேனுக்குப் போறோம். வந்து வாங்கிக்கிறோம். விபூதி மட்டும் குடுங்க."

நெற்றியில் பூசிவிட்டு, எல்லோரும் செய்கிற மாதிரி மிச்சத்தை வாயில் போட இவர் விரலைக் கொண்டுபோனார். அதையும் தட்டிவிட்டேன்.

"விபூதியில இன்னா நெய்யா கீது?"

"இருக்கோ இல்லையோ. வேணாம்."

அதே லேடி டாக்டர். உள்ளே போனதும் நானே சொன்னேன், போன தடவை பால் குடித்துவிட்டு வந்தோம் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். என்னை உள்ளேயே நிற்கச் சொன்னார்.

கருவியை வைத்த உடனே அவர் முகம் தெளிந்தது. திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இதோ பாருங்கம்மா. இதான் பித்தப்பை. இன்னிக்கு எப்படி உப்பியிருக்கு பாருங்க." பேரிக்காய் மாதிரி, மை போலக் கறுப்பாக இருந்தது. அதன் அடியில் வெள்ளையாக மூன்று நான்கு பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் பின்னால் கோடு கிழித்த மாதிரி நிழல். "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க" என்றார். இவர் திரும்பினார். அந்தப் பொட்டுகள் உருண்டு வேறு பக்கம் போயின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கல்லு," என்றார் டாக்டர். "குழாயும் வீங்கியிருக்கு. ஒரு கல்லு நழுவிக் குழாய்க்குள்ள விழுந்து கீழ்முனையில அடைச்சிருக்கணும். ஆனா அந்த முனை இதுல தெரியல. குடல் மறைக்குது. அதைப் பார்க்கணும்னா சிட்டிக்குத்தான் போகணும். வாய் வழியா ட்யூப் விட்டு, அந்தக் குழாய்க்குள்ள மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க. கல்லு இருந்தா அதே ட்யூப் வழியா எடுக்கவும் பார்ப்பாங்க."

வாய் வழியா ட்யூப் என்றதும் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார், "நான் வரமாட்டேன். குழாய் விட்டா மூச்சு முட்டிச் செத்துடுவேன். கீழாநெல்லியே குடிச்சிக்கினு கெடக்குறேன்."

அன்று முழுக்க நான் கெஞ்சினேன். மறுநாள் கெஞ்சவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உங்க லேத்துல கட்டிங் ஆயில் வர்ற பைப்பு அடைச்சிக்கினா இன்னா பண்ணுவீங்க?"

"கழட்டிக் குத்தி எடுப்பேன்."

"அடைச்ச பைப்புக்கு மேல இன்னும் கொஞ்சம் ஆயில ஊத்திக்கினு ஒக்காந்திருப்பீங்களா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த வண்டிக்குப் போவணும்?" என்றார்.

ஆனி கடைசியில், விடிந்தும் விடியாத நேரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அண்ணி கூப்பிடாமலே பை ஒன்றை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்து நின்றார். பையில் ஆகாரம் ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "துண்டு, செம்பு. வேணும்னா சோதனை போட்டுக்கோ" என்றார்.

நகரத்தில் அது பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. பத்து மணிக்கு அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். தொண்டை மரத்துப் போக மருந்து அடித்தார்கள் என்று பிறகு சொன்னார். நானும் அண்ணியும் வெளியே பெஞ்சில். எனக்குத் தெரிந்த சஷ்டிப் பாட்டை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து. அண்ணி என் முழங்கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் ஒருவர் ஈரம் காயாத பிலிம் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து ஓடிய இடமெல்லாம் வெள்ளையாக, இலை உதிர்ந்த மரம் போல ஒன்று. மேலே கிளை கிளையாக ஈரலுக்குள் போகிறது. கீழே அடிமரம் தடித்து வருகிறது. அந்த அடிமரத்தின் முடிவில் மட்டும் வெள்ளை இல்லாமல் உருண்டையாக ஒரு வெற்றிடம்.

"மருந்து போகாத இந்த இடம்தான் கல்லு," என்றார். அடுத்த பிலிமைக் காட்டினார். அதில் அந்த வெற்றிடம் இல்லை. வெள்ளை தடங்கல் இல்லாமல் குடலுக்குள் இறங்கியிருந்தது. "குழாய் வாயைக் கொஞ்சம் கீறிவிட்டு எடுத்துட்டோம்."

அண்ணி பிலிமுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டார். "இதுல என் தம்பி எங்க சார் கீறான்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாமே உங்க தம்பிதாம்மா."

அண்ணி அந்தப் பிலிமைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டர் பதறி, "அம்மா, ஈரம், ஈரம்" என்று பிடுங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் அனுப்பும்போது டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். குழாயில் விழுந்த கல் போய்விட்டது. பைக்குள் மூன்று கல் அப்படியே இருக்கிறது. இன்னொன்று எப்போது வேண்டுமானாலும் நழுவி விழலாம். திரும்பவும் ஜுரம் வந்தால் இந்தத் தடவை மாதிரி தப்புவது கஷ்டம். பையையே எடுத்துவிட வேண்டும்.

தொண்டைப் புண்ணோடு இவர் கரகரத்தார். "அதான் அடைப்பு போயிடிச்சே சார். அப்புறம் பாத்துக்கலாமே."

நான் எழுந்து, தேதி கொடுக்கிற மேஜைக்குப் போனேன். பெரிய நோட்டு வைத்திருந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் நிரம்பியிருந்தது. "ஆவணி கடைசியிலதாம்மா இருக்கு," என்றார். பிறகு இழுத்தார். "ஆடி முதல் செவ்வாய் ஒண்ணு காலியா இருக்கு. ஆடியில ஆபரேஷன் வேணாம்னு ஒருத்தர் எழுந்து போயிட்டாரு. நீங்களும் வேணாம்னுதானே சொல்வீங்க?"

எங்கள் வீட்டில் ஆடியில் புதுப் பாத்திரம்கூட வாங்கமாட்டோம். எனக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணி, "ஆடியிலியா? செவ்வாக்கெழமையா? வேணாம்மா" என்று என் புடவையைப் பிடித்தார்.

"அண்ணி, ஆடி அம்மன் மாசம். அவ மாசத்துல, அவ கெழமையில, அவ பார்த்துக்க மாட்டாளா? ஆவணிக்குள்ள இன்னொண்ணு நழுவி விழுந்தா நான் யாரைக் கேக்குறது?"

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். இமையைத் தூக்காமலே தெரிகிற அளவுக்கு அவர் கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. பிறகு என் புடவையை விட்டுவிட்டு, மேஜைக்காரரிடம் அண்ணியே சொன்னார், "எழுதுங்க சார். செவ்வாயே எழுதுங்க."

"பேஷன்ட் சம்மதமா?" என்று அவர் பேனாவோடு எட்டிப் பார்த்தார்.

இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணாம்னா விட்டுடவா போறாங்க? போடுங்க சார்" என்று கையை ஆட்டினார்.

சீட்டை வாங்கி, எழுதியிருந்த தமிழ் மாதத்தையும் கிழமையையும் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். வெறும் வயிற்றில் எத்தனை மணியிலிருந்து, தண்ணீர் உண்டா, மாத்திரை உண்டா, கோயிலில் எதுவும் வாங்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆடி முதல் செவ்வாய் அவரை அழைத்துக்கொண்டு போனேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.